எட்டியும் தேற்றாவும்

கலித்தொகையின் நெய்தற் பகுதியில், பிரிவால் நிலைகுலைந்து அழுதும் சிரித்தும் திரிந்த ஒரு பெண், தலைவனைக் கண்டதும் மனம் தெளிகிறாள். அதற்குக் கலங்கிய நீர் ஒரு விதையால் தெளிவது உவமையாகிறது. அந்த விதையைத் தரும் மரத்துக்கு அப்பாடலில் ‘இல்லம்’ என்று பெயர். தேற்றாமரம் என்பது உரை. மாதம் ஒருமுறை கூடிப் படிக்கும் எங்கள் சிறு குழுவில் இப்பாடல் வந்தபோது, உவமையை வியந்து பேசிய எவரும் அம்மரத்தைக் கண்டதில்லை என்பது தெரிந்தது. வீட்டுப் பானையில் தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்ட பாட்டிமார் எல்லோருக்கும் இருந்தனர். மரம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

நண்பர் ஒருவர் தேடிப் பிடித்தார். ஊருக்கு வெளியே ஒரு குறுங்காட்டில் மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள் என்று அழைத்துப் போனார். ஒரு மரத்தின் பலகையில் ‘ஸ்டிரிக்னாஸ்’ என்னும் முதற்சொல் தெளிவாக இருந்தது. இரண்டாம் சொல் துருவேறி உதிர்ந்துபோயிருந்தது. தேற்றாவின் தாவரவியற் பெயர் ஸ்டிரிக்னாஸ் என்று தொடங்கும் என்பதை நண்பர் படித்து வைத்திருந்தார். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அடியில் கிடந்த வட்டக் கொட்டைகளைப் பொறுக்கினோம். அடுத்த கூட்டத்தில் பானை நீரில் உரைத்துத் தெளிவித்து ஆளுக்கொரு குவளை குடிப்பது என்றும் முடிவாயிற்று. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு வந்தார். “அது எட்டி தம்பி. தேத்தாங்கொட்டை இல்ல. எங்க ஆடுகூட அதுல வாய் வைக்காது” என்றார்.

துருவேறிய அந்த இரண்டாம் சொல்லின் வரலாறுதான் இக்கட்டுரை.

எட்டியும் தேற்றாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. முன்னதன் பெயர் ஸ்டிரிக்னாஸ் நக்ஸ்வாமிகா, பின்னதன் பெயர் ஸ்டிரிக்னாஸ் பொட்டாட்டோரம். உலகின் வெப்பமண்டலக் காடுகளில் இப்பேரினத்தில் ஏறத்தாழ இருநூறு சிற்றினங்கள் மரங்களாகவும் புதர்களாகவும் கொடிகளாகவும் பரவியிருக்கின்றன. எதிரெதிராக அமைந்த இலைகள், அவ்விலைகளின் அடியிலிருந்தே மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிந்து மேலேறும் நரம்புகள் ஆகியவை குடும்ப முகம். இலையை மட்டும் பறித்துக் கையில் கொடுத்தால் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். எந்தப் பிள்ளை என்று சொல்வதில்தான் தடுமாற்றம் வரும்.

மரத்தடியில் நின்று பார்ப்பவருக்கோ அவ்வளவு சிரமமில்லை. எட்டியின் பட்டை மெல்லியது, சாம்பல் நிறம், ஓரளவு வழவழப்பானது. தேற்றாவின் பட்டை கருமையோடி நெடுக வெடித்திருக்கும். எட்டியின் இலை அகன்று பளபளக்கும், அதற்குத் தெளிவான காம்பு உண்டு. தேற்றாவின் இலை சிறியது, காம்பு இருப்பதே தெரியாத அளவுக்குக் கிளையை ஒட்டியிருக்கும். பழம் வந்துவிட்டால் ஐயத்துக்கு இடமே இல்லை. எட்டிப்பழம் ஒரு சிறு ஆரஞ்சைப் போலவே உருண்டு, அதே நிறத்தில் பழுக்கும். ஈயாதவன் செல்வத்துக்கு நம் பழமொழி இதனை உவமை சொல்வது அந்த அழகினால்தான். தேற்றாவின் பழம் பெரிய சுண்டைக்காய் அளவில் கருத்துப் பழுக்கும். எட்டியின் கொட்டை பழைய காசுபோலத் தட்டையாக, பட்டுமயிர் படர்ந்து சாம்பல் நிறத்தில் மின்னும். தேற்றாவின் கொட்டை ஏறத்தாழ உருண்டையாக, வெளிர்மஞ்சளாக, மினுக்கமின்றி இருக்கும். நாங்கள் பொறுக்கியவை மின்னின. பார்த்தும் அறியவில்லை.

தமிழ்ப் பெயர்களில் இவ்விரண்டின் உறவுக்குத் தடயமே இல்லை. எட்டி, காஞ்சிரை என்பன ஒருபுறம்; தேற்றா, இல்லம் என்பன மறுபுறம். ‘தேற்றுதல்’ என்ற வினையே மரப்பெயராகியிருக்கிறது: தெளியச்செய்வது தேற்றா. நீரைத் தெளிவிப்பதற்கும் மனத்தைத் தெளிவிப்பதற்கும் ஒரே சொல் இருந்ததால்தான் கலித்தொகை உவமை அவ்வளவு இயல்பாக வந்து விழுகிறது. பெயரிட்டவர்கள் மரத்தின் பயனைப் பார்த்தார்கள். பூவை எண்ணி உறவு காண்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. வடமொழியில் இது கதகம். கதகத்தின் பெயரைச் சொன்னதனாலேயே நீர் தெளிந்துவிடாது என்ற கருத்து மனுஸ்மிருதியில் உண்டு. அந்நூலோடு நமக்குள்ள பிணக்குகள் பல. இந்த ஒன்றில் மட்டும் எங்கள் பானை அதற்குச் சாட்சி சொல்லக்கூடும்.

உறவைப் பெயரிலேயே வைத்த மரபும் அண்டையில் இருந்தது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, மலபார்த் தாவரங்களைப் பற்றிய ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ நூலை 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணியரும் தகவல் தந்தோர். அதன் முதல் தொகுதியிலேயே ‘கனிரம்’ என்ற பெயரில் எட்டி, அதாவது மலையாளத்தின் காஞ்சிரம், படத்தோடு இடம்பெற்றது. பின்வந்த தொகுதி ஒன்றில் ‘மோதிரக் கனிரம்’ வருகிறது. அது மரமன்று, மோதிரம்போல் சுருண்ட கொக்கிகளால் பற்றி ஏறும் கொடி. வடிவம் வேறாயினும் அதுவும் காஞ்சிர வகைதான் என்று மலபாரில் யாரோ அறிந்து பெயரிட்டிருக்கிறார்கள். பொதுப்பெயர் ஒன்று, அதைப் பிரித்துக்காட்ட ஓர் அடைமொழி. லின்னேயஸ் இதே முறையைப் பெரும் ஒழுங்காக்கியது 1753-இல்தான். அவ்வாண்டு வந்த அவருடைய நூலில் ஸ்டிரிக்னாஸ் பேரினத்தின் கீழ் எட்டியும், மோதிரக் கனிரத்தைச் சான்றாகக் கொண்ட ஸ்டிரிக்னாஸ் கொலுபிரினாவும் அடுத்தடுத்து நின்றன. பாம்புக்கடிக்கு மருந்தெனக் கருதப்பட்ட ‘பாம்புக்கட்டை’ என்பதால் இரண்டாவதற்கு அப்பெயர். மலபார்க்காரர் கண்ட உறவை சுவீடன்காரர் பூவிதழும் மகரந்தத்தாளும் எண்ணி உறுதிசெய்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஸ்டிரிக்னாஸ் என்ற சொல்லே இரவல். பண்டைக் கிரேக்கர் கத்தரிக் குடும்பத்து நச்சுச் செடிகளுக்கு வழங்கிய பெயரை லின்னேயஸ் எடுத்து, கிரேக்கர் பார்த்தேயிராத இந்த மரங்களுக்குச் சூட்டினார். நக்ஸ்வாமிகா என்றால் வாந்தி வருவிக்கும் கொட்டை. எட்டியின் முதன்மையான வேலை அதுவன்று. முதுகுத்தண்டின் நரம்புகளை அடக்கும் சமிக்ஞையைத் தடுத்து, உடலை வில்லாக வளைக்கும் வலிப்பைத் தருவது. ஆக, முதற்சொல்லும் பொருந்தவில்லை, இரண்டாம் சொல்லும் பொருந்தவில்லை. ஆனாலும் அப்பெயர் உலகெங்கும் ஒரே மரத்தைக் குறிக்கிறது. பெயரிடமிருந்து அறிவியல் கேட்பது அதைத்தான்.

தேற்றா இந்த ஏட்டுக்குள் நுழைந்தது ஒரு தலைமுறை கழித்து. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மருத்துவர், பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணிபுரிந்தவர். சோழமண்டலக் கரையில் அலைந்து அவர் சேர்த்த செடிகள் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டே இருந்தன. லின்னேயஸ் 1778-இல் இறந்தபின் அவர் மகன் தந்தையின் பட்டியலுக்கு ஒரு துணைநூல் எழுதினார். 1781 என்று ஆண்டிட்டு 1782-இல் வெளிவந்த அந்நூலில் கோனிக் வழியாகச் சென்ற தென்னிந்தியச் செடிகள் பல உண்டு. தேற்றாவுக்கு ஸ்டிரிக்னாஸ் பொட்டாட்டோரம் என்ற பெயர் அந்நூலில்தான் கிடைத்தது. ‘குடிப்போரின்’ ஸ்டிரிக்னாஸ் என்பது பொருள். குடிப்பது மதுவையன்று, நீரை.

அதே நூலில் நடந்த ஒரு பிழையையும் சொல்லவேண்டும். பிலிப்பைன்ஸில் ஏசு சபையினர் வழியாகப் பரவிய ‘புனித இக்னேஷியஸ் அவரை’ என்ற கடுங்கசப்பு விதை ஐரோப்பிய மருந்தகங்களில் நூறாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. அது ஸ்டிரிக்னாஸ் இனமே என்று பெர்கியஸ் 1778-இல் சரியாகவே எழுதியிருந்தார். இளைய லின்னேயஸ் அதை ஒரு தனிப் பேரினமாக்கி ‘இக்னேஷியா’ என்று பெயரிட்டார். ஏன்? விதை பிலிப்பைன்ஸினுடையது, அதோடு பொருத்திப் பார்க்க அவர் எடுத்துக்கொண்ட உலர்ந்த பூ, காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தென்னமெரிக்கச் செடியினுடையது. இரண்டு கண்டங்களின் துண்டுகளை ஒரே தாளில் ஒட்டியதில், எங்கும் வளராத ஒரு மரம் பிறந்துவிட்டது. உயிருள்ள மரத்தை ஒருமுறை பார்த்தவர் யாரும் செய்திருக்கமுடியாத பிழை இது.

அதற்கு நேர்மாறானது வில்லியம் ராக்ஸ்பரோவின் பணி. கோனிக்கின் நண்பர், கோதாவரிக்கு வடக்கே சாமல்கோட்டில் தோட்டம் வைத்து, உள்ளூர் ஓவியர்களை அமர்த்தி, கண்ணெதிரே இருந்த செடிகளை வரைவித்தவர். 1795-இல் தொடங்கிய அவருடைய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலில் நான்காம் படம் எட்டி, ஐந்தாம் படம் தேற்றா. இரு சகோதரிகளும் ஏட்டைத் திருப்பினால் ஒப்பிட்டுப் பார்க்கும்படி நிற்கிறார்கள். விளக்கங்களும் ஓவியத்துக்கு ஈடானவை. எட்டியின் கொட்டைதான் நஞ்சு, சதையைப் பறவைகள் விரும்பி உண்கின்றன என்று பார்த்து எழுதுகிறார். தேற்றாவின் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரூற்றி வைப்பதை ஒரு சமையற்காரர்போல் விவரிக்கிறார். வரைந்தவர்களின் பெயர் நூலில் இல்லை. இக்காலத்து நூல்களின் பொதுக்குறை இது. பழகிப்போனதால் வலிக்காமல் போய்விடுவதில்லை.

இவ்வளவு தெளிவாக இரண்டு மரங்களும் ஏட்டில் ஏறிய பின்னரே பெரும் விபரீதம் நடந்தது. அதற்கு வழிவகுத்தவற்றுள் ராக்ஸ்பரோவின் நல்லெண்ணமும் ஒன்று. மலேரியாக் காய்ச்சலுக்குத் தென்னமெரிக்கச் சின்கோனாப் பட்டையே மருந்தாக இருந்த காலம். அதற்கு மாற்றாக வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இந்திய மரத்தின் பட்டையை அவர் 1793-இல் பரிந்துரைத்தார். வடநாட்டுச் சந்தையில் அதற்கு ‘ரோஹன்’ என்று பெயர். இன்றைய தாவரவியலில் சொய்மிடா. தமிழ் அகராதிகளில் இது ‘செம்மரம்’. இப்பெயரைக் கேட்டதும் இன்று நம் நினைவுக்கு வரும் கடத்தல் செம்மரம் முற்றிலும் வேறொன்று என்பதையும் போகிற போக்கில் குறித்துவைக்கலாம். ரோஹன் பட்டைக்குத் தேவை எழுந்ததும், கல்கத்தாக் கடைத்தெருவில் அப்பெயரில் வேறொரு கசப்புப் பட்டையும் கட்டுக்கட்டாக விற்பனையாயிற்று. அது எட்டிப்பட்டை. மரத்தில் இருக்கும்போது ஆட்டுக்குட்டிக்குக்கூட அடையாளம் தெரியும் பொருள். உரித்து, உலர்த்தி, மூட்டையாகக் கட்டியபின் கசப்பைத் தவிர அதனிடம் வேறு அடையாளம் மிஞ்சவில்லை.

இந்தியப் பட்டை கப்பலேறி ஐரோப்பா சேர்ந்தபோது இன்னுமொரு பெயர் மாற்றம் நடந்தது. வெனிசுவேலாவின் அங்கஸ்துரா நகரிலிருந்து வந்த ஒரு கசப்புப் பட்டை அப்போது ஐரோப்பிய மருந்தகங்களில் வயிற்றுக்கும் காய்ச்சலுக்கும் பெரிதும் விரும்பப்பட்டது. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது, தீங்கற்றது. 1804-ஐ அடுத்த சில ஆண்டுகளில் எட்டிப்பட்டை இந்த அங்கஸ்துராவோடு கலந்துபோயிற்று. கசப்பு மருந்து என்று நம்பிக் குடித்த நோயாளிகள் உடல் விறைத்து வலிப்பு கண்டார்கள், சிலர் மாண்டார்கள். சில நாடுகளில் அங்கஸ்துரா விற்பனையே தடைசெய்யப்பட்டது. நல்ல பட்டையிலிருந்து பிரித்துச் சொல்ல ‘பொய் அங்கஸ்துரா’ என்று இதற்குப் பெயரிட்டார்கள். அது எந்த மரத்தின் பட்டை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

தெரியாத இடத்தில் ஊகம் வந்து உட்கார்ந்தது. எத்தியோப்பியாவில் பயணம் செய்த ஸ்காட்லாந்தியர் ஜேம்ஸ் புரூஸின் பெயரால் ‘புரூசியா’ என்றழைக்கப்பட்ட ஒரு புதர் உண்டு. வயிற்றுக்கடுப்புக்கு மருந்து, கசப்பானது. பொய் அங்கஸ்துரா அதன் பட்டையாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதினார்கள், மற்றவர்கள் பின்பற்றினார்கள். பாரிஸில் பெல்லெட்டியே, கவந்தூ என்ற இரு மருந்தியலாளர்கள் 1818-இல் இக்னேஷியஸ் அவரையிலிருந்தும் எட்டிக்கொட்டையிலிருந்தும் ஸ்டிரிக்னின் என்ற நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர். முதலில் அதற்குத் தம் மதிப்புக்குரிய வேதியியலாளர் வோக்லானின் பெயரைச் சூட்ட எண்ணினார்களாம். நேசத்துக்குரிய ஒருவர் பெயரை நஞ்சுக்கு வைப்பதா என்று அறிவியல் கழகத்தார் தடுத்துவிட்டனர். அடுத்த ஆண்டு அவ்விருவரும் பொய் அங்கஸ்துராப் பட்டையிலிருந்து வேறொரு நச்சுப்பொருளைப் பிரித்தனர். பட்டை புரூசியாவினுடையது என்ற நம்பிக்கையில் அதற்குப் ‘புரூசின்’ என்று பெயர் வைத்தனர். எட்டிக்கொட்டையை மறுபடி ஆய்ந்தபோது அதிலும் புரூசின் இருந்தது. எத்தியோப்பியப் புதரில் அது அறவே இல்லை. பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை. போகாத ஊருக்கு வழிகாட்டும் கைகாட்டிமரம்போல வேதியியல் நூல்களில் நின்றுகொண்டிருக்கிறது.

முடிச்சு கல்கத்தாவில் அவிழ்ந்தது. அங்கே 1835-இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஓஷாக்னசி, கடைத்தெருவில் ரோஹன் என்று விற்கப்பட்ட பட்டையைச் சோதித்து அது எட்டிப்பட்டை என்று காட்டினார். பின்னாளில் இந்தியாவில் தந்திக்கம்பி நட்டவர் என்று பெயர் பெற்ற அதே ஓஷாக்னசிதான். பட்டையின் உட்புறத்தில் நைட்ரிக் அமிலம் ஒரு துளி விட்டால் எட்டிப்பட்டை இரத்தச் சிவப்பாகும். புரூசின் செய்யும் வேலை அது. மருந்தாளுநர்களுக்கு எளிய சோதனையாயிற்று. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: ஒரு மரத்திலிருந்து உரித்த பட்டை எம்மரத்தது என்று தெரிந்துகொள்ள ஐரோப்பிய அறிவுலகத்துக்கு முப்பது ஆண்டுகளும், ஒரு பாத்திரம் அமிலமும், பல உயிர்களும் வேண்டியிருந்தன. உரித்தவருக்கு அது முதல் நாளே தெரியும். அவரிடம் கேட்கும் வழக்கம் இல்லை. சந்தையில் அவரும் சொல்லியிருக்கமாட்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வேதியியல் வளர்ந்தபின் இந்த இரு சகோதரிகளின் வேறுபாடு மேலும் துலங்கியது. எட்டிக்கொட்டையில் ஸ்டிரிக்னினும் புரூசினும் உண்டு. 1920-இல் வெளியான தம் முதல் நாவலிலேயே அகதா கிறிஸ்டி கொலைக்கருவியாக எடுத்துக்கொண்டது இந்த ஸ்டிரிக்னினைத்தான். தேற்றாவின் கொட்டையில் இரண்டும் இல்லை. டயபொலின் என்ற வேறொரு காரப்பொருள் இருக்கிறது. நீரைத் தெளிவிப்பவை அதிலுள்ள பல்சர்க்கரைப் பொருட்கள். நீரில் ஒன்றையொன்று தள்ளி மிதந்துகொண்டிருக்கும் களிமண் துகள்களை அவை பிணைத்துத் திரளச்செய்ய, திரண்டவை கனத்து அடியில் இறங்குகின்றன. இதே பேரினத்தின் தென்னமெரிக்கக் கொடியான ஸ்டிரிக்னாஸ் டாக்சிஃபெரா அம்பு முனையில் தடவும் குராரே நஞ்சைத் தருகிறது. அது தசையை விறைக்கவைப்பதில்லை, நேர்மாறாகத் தளர்த்திச் செயலிழக்கச் செய்கிறது. ஆப்பிரிக்காவில் ஸ்டிரிக்னாஸ் ஸ்பைனோசாவின் பழச்சதையை மக்கள் விரும்பித் தின்கிறார்கள். ஒரு வீட்டிலேயே கொலைகாரனும் வைத்தியனும் சமையற்காரனும்! உறவு என்பது பூவின் அமைப்பில் கண்ட உறவு. அது குணத்துக்கு உத்தரவாதம் அல்ல என்பதை இப்பேரினத்தைவிடக் கண்டிப்பாக வேறெதுவும் சொல்லித்தந்திருக்குமா என்று தெரியவில்லை.

எதிர்ப்புறப் பிழையும் நடந்தது. தேற்றா ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வளர்கிறது. அங்கே கிடைத்த மாதிரிகளை ஜெர்மானியத் தாவரவியலாளர் கில்க் புதிய இனங்கள் என்று கருதித் தனித்தனிப் பெயர்கள் கொடுத்தார். அவை அனைத்தும் நம் தேற்றாவே என்று லேவன்பெர்க் என்ற டச்சு ஆய்வாளர் 1969-இல் ஒன்றாக்கினார். இரண்டை ஒன்றென்பதும் ஒன்றைப் பலவென்பதும் ஒரே நோயின் இரு பக்கங்கள். முன்னதில் ஆள் சாவான்; பின்னதில் பட்டியல் நீளும், அவ்வளவுதான்.

சித்த மருத்துவம் இரண்டையும் பயன்படுத்துகிறது. எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தொடுவதில்லை. தேற்றான்கொட்டை லேகியம் உடல் தேறுவதற்கென்று இன்றும் விற்கப்படுகிறது. வேரும் பட்டையும் கொட்டையும் பொடியாகிப் புட்டியில் வரும் இக்காலத்தில், பொடியின் மரபணுவைப் படித்து இனம் காணும் முறை வந்திருக்கிறது. அதற்கும் முதலில், ஐயமற அடையாளம் கண்ட ஒரு மரத்திலிருந்து பறித்த மாதிரி வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாமல் எதையும் ஒப்பிட முடியாது. அந்த முதல் மரத்தின் கீழ் யாரேனும் ஒருவர் நின்று இது இன்னது என்று சொல்லியாகவேண்டும்.

நாங்கள் பொறுக்கிய கொட்டைகளை மூதாட்டி கொட்டச்சொன்ன இடத்திலேயே கொட்டிவிட்டு, வாய்க்காலில் கைகழுவினோம். தேற்றா வேண்டுமென்றால் ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம் இரண்டு நிற்கிறது என்று அவரே காட்டினார். பட்டை வெடித்திருந்தது, காம்பில்லா இலைகள், அடியில் மினுக்கமற்ற சிறு உருண்டைகள். அடுத்த கூட்டத்தில் ஒரு மண்பானையின் உட்புறத்தில் ஒன்றை உரைத்து, ஏரியின் கலங்கல் நீரை ஊற்றி வைத்தோம். கலித்தொகைப் பாடலை மறுபடி முழுதும் படித்து, உரை வேறுபாடுகளில் வழக்கம்போல் சண்டையிட்டு முடித்தபோது, பானையின் அடியில் சேறு படிந்து மேலே நீர் தெளிந்திருந்தது. நண்பர்தான் முதலில் குடித்தார். குடிப்பதற்குமுன், மிச்சமிருந்த கொட்டைகளை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.